நிரலகப் பெயரும் நிலைபேறும்

மதுரை மாநகரின் வடகிழக்கில் மாட்டுத்தாவணி என்னும் பகுதி உள்ளது. தாவணி என்னும் சொல் மாடுகளை வரிசையாகப் பிணிக்கும் நெடுங்கயிற்றைக் குறிப்பது. அவ்வாறு பிணித்து நிறுத்தி விலைபேசும் சந்தைக்கும் அச்சொல் ஆகிவந்தது. 1999ஆம் ஆண்டில் வெளியூர்ப் பேருந்துகளுக்குரிய ஒருங்கிணைந்த நிலையம் அங்கே திறக்கப்பெற்றது. ஆவணங்களில் இன்று அதன் பெயர் எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம். ஆயினும் பேருந்தின் நெற்றிப் பலகையும் நடத்துநரின் குரலும் மாட்டுத்தாவணி என்றே கூறுகின்றன. மாடு வாங்கும் பொருட்டு அங்கு வந்து இறங்குவோர் இலர். பெயர் மட்டும் நிலைபெற்றுவிட்டது. எத்துணையோ ஊர்மக்கள் அப்பெயரை நம்பித் தம் வழியை வகுத்துக்கொண்டமையே அதற்குக் காரணம் எனலாம்.

பெயருக்கு இரண்டு பணிகள் உண்டு. பொருளை விளக்குவது ஒன்று. பிறர் தம் செயலைச் சார்த்திவைத்தற்கு இடமாக நிற்பது மற்றொன்று. ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் நம்மவர் முதற் பணியையே பெரிதும் ஆராய்ந்துள்ளனர். இரண்டாம் பணியின் வரலாறு ஆண்டும் நாளும் குறித்துப் பதிவாகியுள்ள துறை ஒன்று நம் காலத்தே தோன்றியுள்ளது. கட்டற்ற மென்பொருள் உலகில் பகிர் நிரலகங்களுக்குப் பெயரிட்டு நிறுவும் துறையே அது. தமிழாய்வாளர்க்கு அதனோடு யாது தொடர்பு என வினவலாம். நம் இலக்கியங்களின் மின்பதிப்புகளும், கடந்த தலைமுறையினர் கணினியில் தட்டிவைத்த ஆய்வேடுகளும் இனிப் படிக்கப்பெறுமா என்னும் வினாவுக்கு விடை, ஓரளவு அத்துறையிலேயே அடங்கியுள்ளது. ஆதலின் அவ்வரலாற்றை ஈண்டு ஆராய்தல் பொருந்தும்.

நிரலகமும் இருமமும்

கணினி நிரல் எதுவும் தனக்கு வேண்டிய அனைத்தையும் தானே செய்துகொள்வதில்லை. கோப்பைத் திறத்தல், எழுத்தைத் திரையில் இடுதல், எண்ணைக் கூட்டி எழுத்தாக்குதல் முதலிய பொதுப்பணிகளை முன்னரே எழுதிவைத்த தொகுப்பொன்றிலிருந்து பெறும். அத்தொகுப்பே நிரலகம். தொடக்கத்தில் ஒவ்வொரு நிரலும் தனக்கு வேண்டிய பகுதியைப் படியெடுத்துத் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டது. நூறு நிரல் இருப்பின் நூறு படி. மூலத்தில் ஒரு பிழை திருத்தினால் நூறு இடத்தில் திருத்தல் வேண்டும். நிரலகத்தைப் பொதுவில் ஓரிடத்தில் வைத்து, நிரல் இயங்கும் பொழுதில் அதனோடு பிணிக்கும் முறை பின்னர் வந்தது. அதுவே பகிர் நிரலகம். ஒரு நெடுங்கயிற்றில் பல மாடுகளைப் பிணிப்பது போன்றது இது. மாட்டுத்தாவணிப் பெயர்க்கு இதனினும் பொருந்திய உவமேயம் கிடைப்பது அரிது.

இனி, இருமம் என்பது யாது? மனிதர் எழுதும் மூலநிரலைப் பொறிக்குரிய வடிவாகப் பெயர்த்தால் கிடைப்பது இருமம். மூலநிரல் நிரலகத்தின் உறுப்புகளைப் பெயர் சொல்லிக் குறிக்கும். இருமமோ அவ்வுறுப்பின் உள்ளே எத்தனையாம் இடத்தில் எப்பொருள் உள்ளது என்று எண்ணிட்டுக் குறிக்கும். ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரு நூலை, 'புறத்திணையியலில் வாகை பற்றிய நூற்பா' என்று மேற்கோள் காட்டுவார் உளர். '112ஆம் பக்கம், ஐந்தாம் வரி' என்று காட்டுவாரும் உளர். அடுத்த பதிப்பில் பதிப்பாசிரியர் நான்கு பக்க முன்னுரை சேர்த்தால் முன்னவர் மேற்கோள் பழுதின்றி நிற்கும். பின்னவர் மேற்கோள் பிறழும். நூலில் ஒரு சொல்லும் மாறவில்லை. ஆயினும் மேற்கோள் பொய்த்துவிட்டது. இருமம் பக்க எண்ணால் மேற்கோள் காட்டுவாரைப் போன்றது. புதிய நிரலகத்தை இட்ட பின்னும் பழைய இருமம் பிறழாது இயங்குமாயின் அதனை இரும இணக்கம் என்பர்.

மூலநிரல் அனைவர் கையிலும் இருக்கும் கட்டற்ற மென்பொருளில் இரும இணக்கத்தைப் பற்றிக் கவலை எதற்கு, மீண்டும் ஒருமுறை பெயர்த்துக்கொள்ளலாமே என்று வாதிடுவாரும் உளர். இவ்வாதம் முழுதும் தவறன்று. லினக்சு கருவகத்தைப் பேணுவோர் தம் உள்ளுறுப்புகளின் பொருட்டு இதனையே கொள்கையாகக் கொண்டுள்ளனர். வெளியே நிற்கும் பயனர் நிரல்களுக்கு மட்டும் இணக்கம் காக்கின்றனர். ஆனால் சுவடி படிப்பார் அனைவரும் சுவடி எழுதுவார் அல்லர். பெயர்த்துக்கொள்ளும் உரிமை ஒருவர்க்கு இருத்தல் வேறு. பெயர்க்கும் திறமும் பொழுதும் இருத்தல் வேறு. ஒரு நிரலகத்தின் மேல் மற்றொன்றும், அதன் மேல் பிறிதொன்றுமாக ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்ட இடத்தில், அடித்தளம் மாறினால் அடுக்கு முழுவதையும் முறைப்படி மீண்டும் பெயர்த்தாக வேண்டும். இடையில் ஒன்று விடுபட்டாலும் போதும். எங்கோ ஒரு மூலையில் ஒரு நிரல் காரணம் புலப்படாமல் வீழும்.

மூன்று பெயர்

பகிர்தல் என்னும் கருத்துப் பழையது. 1960களில் மல்டிக்ஸ் என்னும் இயங்குதளத்திலேயே இயக்கப் பொழுதில் பிணிக்கும் முறை இருந்தது. யூனிக்சு மரபில் சன் நிறுவனம் 1988இல் வெளியிட்ட சன்ஓஎஸ் 4.0 அதனைப் பரவச் செய்தது. லினக்சு தோன்றிய தொடக்க ஆண்டுகளில் முறை வேறாக இருந்தது. ஒவ்வொரு பகிர் நிரலகத்துக்கும் நினைவகத்தில் நிலையான ஒரு மனை ஒதுக்கப்பட்டது. புதிதாக நிரலகம் இயற்றுவோர் எந்த மனை யாருக்குரியது என்னும் பட்டியலைப் பார்த்து, தமக்கு ஓரிடம் பதிவுசெய்துகொள்ள வேண்டும். இருவர் ஒரு மனையைக் கொண்டால் இரண்டும் ஒருங்கே இயங்கா. பட்டா வழங்கும் அலுவலகம் போன்ற இம்முறை சிற்றூருக்குப் பொருந்தும், பெருநகருக்குப் பொருந்தாது. 1995ஆம் ஆண்டளவில் லினக்சு, 'எல்ஃப்' எனப்படும் கோப்பு வடிவுக்கு மாறியது. அதில் நிரலகம் எந்த மனையிலும் குடியேறலாம். மனை வழக்கு ஒழிந்தது; பெயர் வழக்குத் தொடங்கியது.

எல்ஃப் வடிவில் ஒரு பகிர் நிரலகத்துக்கு மூன்று பெயர்கள் உண்டு. தரவைச் சுருக்கும் 'இசட்லிப்' என்னும் நிரலகத்தைக் கொண்டு இதனைக் காண்போம். வட்டில் உள்ள கோப்பின் மெய்ப்பெயர் 'லிப்இசட்.எஸ்ஓ.1.3.1' என்பது. 'லிப்' என்பது நிரலகம் என்பதன் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம், 'எஸ்ஓ' என்பது பகிர்பொருள் என்பதன் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள், எஞ்சியவை பதிப்பெண்கள். இரண்டாம் பெயர் 'லிப்இசட்.எஸ்ஓ.1'. இதனைத் துறையோர் 'சோனேம்' என்பர். ஒப்பந்தப் பெயர் என நாம் கூறலாம். மூன்றாவது எண்ணே இல்லாத 'லிப்இசட்.எஸ்ஓ', புதிய நிரலைப் பெயர்ப்பவர் மட்டும் இதனைப் பயன்படுத்துவர்.

இவற்றுள் உயிர்நாடி இரண்டாவது. நிரலைப் பெயர்க்கும் பொழுது இணைப்பி என்னும் கருவி நிரலகத்தின் உள்ளே எழுதப்பட்டுள்ள ஒப்பந்தப் பெயரைப் படித்து, அதனையே நிரலின் இருமத்தில் பொறித்துவிடும். பின்னர் நிரல் இயங்கும் பொழுதெல்லாம் அப்பெயரையே கேட்கும். கோப்பு 1.2.11 ஆயினும் 1.3.1 ஆயினும் நிரலுக்குக் கவலையில்லை. 1 என்னும் ஒப்பந்தம் நின்றால் போதும். எனவே இவ்வெண் உயர்வதை வளர்ச்சியின் அளவாகக் கொள்வது பிழை. 'இதுகாறும் என்னை நம்பியோர்க்குக் கொடுத்த சொல்லை இனிக் காக்க இயலாது' என்னும் அறிவிப்பே அதன் பொருள். இசட்லிப் 1995ஆம் ஆண்டு தோன்றியது. அதன் ஒப்பந்த எண் இன்றளவும் 1 தான். மென்பொருளின் வெளியீட்டு எண்ணை அப்படியே ஒப்பந்த எண்ணாக்கும் வழக்கம் இயற்றுவோரிடையே அடிக்கடி காணப்படுகின்றது. இரண்டையும் வேறு பிரிப்பதற்கென்றே 'லிப்டூல்' என்னும் கருவியில் மூன்று தனி எண்கள் வகுக்கப்பட்டும், அவற்றிலும் வெளியீட்டு எண்ணையே இடுவார் உளர். பட்டம் வேறு, பத்திரம் வேறு என்பது எல்லாத் துறையிலும் எளிதில் விளங்குவதில்லை போலும்.

நம் துறையில் இதற்கு நேரான சிக்கல் உண்டு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் இளம்பூரணர் கொண்ட நூற்பாக்கள் 456. சேனாவரையர் கொண்டவை 463. ஒருவர் ஒன்றாகக் கொண்டதை மற்றவர் இரண்டாகப் பகுத்தமையால் வந்த வேறுபாடு இது. 'தொல். சொல். 400' என்று மட்டும் ஓர் ஆய்வேடு குறிப்பின் எவ்வுரையின் 400 என்பது தெரியாது. தேடுவார் வேறொரு நூற்பாவைக் கண்டு மயங்குவர். 'சேனா.' என்னும் ஈரெழுத்தை உடன் சேர்த்தால் மயக்கம் தீரும். ஒப்பந்தப் பெயரில் வரும் எண்ணின் பணி அவ்வீரெழுத்தின் பணியே.

நிறுவும் முறையும் இப்பெயர்களைச் சார்ந்தது. மெய்ப்பெயர்க் கோப்பை நிரலக அடைவில் இட்ட பின்னர், 'எல்டிகான்பிக்' என்னும் கருவி அக்கோப்பைத் திறந்து உள்ளிருக்கும் ஒப்பந்தப் பெயரைப் படித்து, அப்பெயரில் ஒரு சுட்டியை அமைக்கும். புதிய கோப்பு வந்தால் சுட்டி அதனை நோக்கித் திரும்பும். பழைய கோப்பைப் பிடித்துக்கொண்டு இயங்கும் நிரல்கள் தாம் நிற்கும்வரை அதனையே பயன்படுத்தும். இதனை அறியாது பழைய கோப்பின் மேலேயே புதியதை எழுதிவிட்டால், இயங்கிக்கொண்டிருக்கும் நிரல் படித்துக்கொண்டிருந்த ஏடே அதன் கையில் மாறிப்போகும். அந்நிரல் அப்பொழுதே வீழும். ஆகலின் புதியதை வேறு பெயரில் எழுதிப் பின் பெயர் மாற்றி இடுதலே நெறி. நிறுவுதல் என்பது படியெடுத்தல் மட்டும் அன்று என்பது இதனாற் பெறப்படும்.

ஆறாம் எண்ணின் கதை

நிரலகங்கள் அனைத்துக்கும் அடிநிலையாக இருப்பது சி மொழிக்குரிய நிரலகம். லினக்சில் அதன் ஒப்பந்தப் பெயர் 'லிப்சி.எஸ்ஓ.6'. இந்த ஆறு எவ்வாறு வந்தது என்பது ஆராயத்தக்கது. க்னூ திட்டத்தாரின் சி நிரலகத்திலிருந்து கிளைத்த ஒரு படியை லினக்சு ஆக்கியோர் தனியே வளர்த்தனர். பழைய கோப்பு வடிவில் அதன் எண் 4; எல்ஃப் வடிவில் 5. அதற்குள் க்னூ திட்டத்தாரின் மூல நிரலகம் வளர்ந்து 1997 சனவரியில் 2.0 என வெளிவந்தது. கிளை மீண்டும் தாயோடு சேர்ந்தது. ஆனால் லினக்சு உலகில் 5 வரை எண்கள் செலவாகிவிட்டமையால், வெளியீட்டு எண் 2 உடைய நிரலகம் ஒப்பந்த எண் 6 கொண்டது. 2025இல் அதன் வெளியீடு 2.42ஐ எட்டியது, ஒப்பந்த எண் ஆறாகவே நிற்கின்றது.

இம்மாற்றம் எளிதில் நிகழவில்லை. ஐந்தாம் எண்ணைச் சார்ந்த நிரல்களும் ஆறாம் எண்ணைச் சார்ந்த நிரல்களும் ஒரே கணினியில் ஒருங்கே வாழ வேண்டியிருந்தது. இரண்டும் தனித்தனியே வாழ்வதில் தடையில்லை. ஆறைச் சார்ந்த ஒரு நிரல் இடையில் உள்ள வேறொரு நிரலகத்தை அழைக்க, அவ்விடை நிரலகம் ஐந்தைச் சார்ந்ததாக இருப்பின், ஒரே நிரலின் உள்ளே இரண்டு அடித்தளம் புகுந்து குழப்பம் விளையும். ஆதலின் இடை நிரலகங்கள் அனைத்தையும் ஆறுக்கு ஏற்பப் பெயர்த்து இருவகைப் படிகளும் வைக்கப்பட்டன. டெபியன் என்னும் தன்னார்வலர் அமைப்பு 1998 சூலையில் வெளியிட்ட 2.0 பதிப்பில் இதனை நிறைவேற்றியது. புதிய படிகளை வேறுபடுத்தும் பொருட்டுப் பொதியின் பெயரோடு 'ஜி' என்னும் ஆங்கில எழுத்தை ஒட்டினர். 'க்னூ சி நிரலகத்துக்கு உரியது' என்பது அதன் பொருள். இசட்லிப் பொதியின் பெயர் 'இசட்லிப்1ஜி' ஆயிற்று.

வேறுபடுத்த வேண்டிய பழைய படி மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. எனினும் 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13ஆம் பதிப்பிலும் அப்பொதி 'இசட்லிப்1ஜி' என்றே உள்ளது. அந்த 'ஜி' எதற்கு என்று இன்று நிறுவுவோரில் பெரும்பாலார் அறியார். நீக்கலாமே எனின், அப்பெயரைக் குறித்து நிற்கும் பொதிகள் எண்ணில. நீக்குவதால் ஒருவர்க்கும் நன்மையில்லை. ஊர்ப்பெயர்களில் 'குளம்' நிற்கக் குளம் மறைந்ததை நாம் மதுரையைச் சுற்றியே காணலாம். பெயரில் நிற்கும் பொருளற்ற எழுத்து வரலாற்றின் சுவடு. அதனைத் துடைப்பதற்குத் தனிக் காரணம் வேண்டும்.

இவ்வொட்டெழுத்து முறை பின்னரும் பயன்பட்டது. 2015இல் ஜிசிசி என்னும் பெயர்ப்பியின் ஐந்தாம் பதிப்பு வந்தபொழுது சி++ மொழியின் எழுத்துச்சரம் முதலியவற்றின் உள்ளமைப்பு மாறியது. பாதிக்கப்பட்ட டெபியன் பொதிகள் 'வி5' என்னும் ஈறு பெற்றன. 2024இல் வந்த மாற்றம் இன்னும் பெரிது. 1970 சனவரி முதல் நாளிலிருந்து நொடிகளை 32 இரும இலக்கத்தில் எண்ணிவரும் கணினிகளின் எண்ணிக்கை 2038 சனவரி 19ஆம் நாளோடு நிரம்பிவிடும். அதனைத் தவிர்க்க 64 இலக்கத்துக்கு மாற்றியபொழுது, காலத்தைக் குறிக்கும் நிரலகங்களின் உள்ளமைப்பு மாறியது. பொதிகளின் பெயரில் 'டி64' சேர்ந்தது. 64 இலக்கக் கணினிகளில் எதுவும் மாறவில்லை. ஆயினும் பெயர் ஒருமை கருதி அவற்றிலும் அவ்வீறு ஒட்டிக்கொண்டது. ஆண்டு ஐம்பது கடந்தால் இதுவும் ஆய்வாளர்க்கு ஒரு புதிராகும்.

இவையெல்லாம் நமக்குச் சேய்மையில் நிகழ்ந்தவை அல்ல. சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளை 2007 முதல் வெளியிட்ட 'பாஸ்' லினக்சு, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011 செப்டம்பர் 15இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில் அதுவும் இடம்பெற்றது. டெபியனின் பெயரிடும் நெறி, அறிந்தோ அறியாமலோ, நம் மாணவர் கைக்கும் வந்து சேர்ந்தது.

இலக்கணமும் வழக்கும்

பெயரை மாற்றாமல் பொருளை மட்டும் மாற்றினால் விளைவது யாது? இதற்குச் சிறந்த சான்று 2010ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. சி நிரலகத்தில் 'மெம்காப்பி' என்றோர் உறுப்பு உண்டு. நினைவகத்தின் ஓரிடத்தில் உள்ளதை மற்றோர் இடத்தில் படியெடுப்பது அதன் தொழில். இரண்டு இடமும் ஒன்றன்மேல் ஒன்று படிதல் கூடாது என்பது அம்மொழியின் இலக்கணம். படியுமாயின் 'மெம்மூவ்' என்னும் வேறோர் உறுப்பையே அழைத்தல் வேண்டும். ஆனால் மெம்காப்பி நெடுங்காலம் முன்னிருந்து பின்னாகவே படியெடுத்து வந்தமையால், இலக்கணத்தை மீறிய சில நிரல்களும் பழுதின்றி இயங்கின. விரைவு கருதி, சில செயலிகளில் பின்னிருந்து முன்னாகப் படியெடுக்குமாறு அவ்வுறுப்பை மாற்றினர். 2010 நவம்பரில் வந்த பெடோரா 14ஆம் பதிப்பில் அம்மாற்றம் இருந்தது. உடனே அடோபி நிறுவனத்தின் பிளாஷ் இயக்கியில் ஒலி சிதைந்தது.

இருதரப்பு வாதமும் எழுந்தது. இலக்கணம் மீறியது பிளாஷ். திருத்த வேண்டியவரும் அவரே என்றனர் நிரலகத்தார். லினக்சைத் தோற்றுவித்த லினசு டோர்வால்ட்சு இதனை ஏற்கவில்லை. பயனருக்கு இலக்கணம் பொருட்டன்று, நேற்றுவரை ஒலித்தது இன்று ஒலிக்கவில்லை என்பதே பொருட்டு என்பது அவர் கருத்தின் சாரம். பிளாஷின் மூலம் வெளியிடப்படாதது. ஆதலின் பயனர் தாமே திருத்திக்கொள்ளவும் வழியில்லை.

தமிழிலக்கணம் பயின்றார்க்கு இவ்வழக்குப் புதிதன்று. வழக்கையும் செய்யுளையும் நோக்கி எழுந்ததே தம் முதனூல் என்பதைத் தொல்காப்பியப் பாயிரம் அறிவிக்கின்றது. வழுவாயினும் பெருவழக்காயின் அமைத்துக்கொள்ளும் மரபும் நம்மிடை உண்டு. நிரலகத்தார் இறுதியில் கண்ட தீர்வும் அத்தகைய வழுவமைதியே. சன் நிறுவனத்தின் சோலாரிசில் தோன்றிக் க்னூ நிரலகத்தில் 1999இல் 2.1 பதிப்போடு விரிவுபெற்ற ஒரு முறை அவர்க்குத் துணைசெய்தது. அதன்படி நிரலகம் முழுமைக்கும் ஒரு பெயர் இருக்க, உள்ளிருக்கும் ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனிப் பதிப்புக் குறி உண்டு. 2011இல் வந்த 2.14 பதிப்பில் மெம்காப்பிக்கு இரண்டு குறிகள் அமைந்தன. பழைய குறியைக் கேட்கும் பழைய இருமத்துக்குப் படிதலைப் பொறுக்கும் உறுப்பு கிடைக்கும்; புதிதாகப் பெயர்க்கப்படும் நிரலுக்குப் புதியது கிடைக்கும். ஒரு நூற்பாவுக்கு இரண்டு உரையையும் ஒரே சுவடியில் எழுதி, கேட்பார்க்கு ஏற்ப விரிப்பது போன்ற இம்முறையாலேயே ஆறாம் எண் இத்துணை ஆண்டு மாறாது நிற்கின்றது. இதற்கு விலையும் உண்டு. பழைய உரை எதனையும் எறியவே முடியாது.

பெயர் மாற்றுவதே தக்கது என்னும் இடமும் உண்டு. திரையில் சாளரங்களை வரையும் ஜிடிகே நிரலகம் 2002இல் இரண்டாம் பதிப்பும், 2011இல் மூன்றாம் பதிப்பும், 2020 திசம்பரில் நான்காம் பதிப்பும் கண்டது. அதனை ஆக்கியோர் ஒப்பந்தப் பெயரை மட்டும் மாற்றியதோடு நில்லாது, தலைப்புக் கோப்பின் அடைவு, இணைப்பிக்குரிய பெயர் முதலிய எல்லாவற்றிலும் பெரும்பதிப்பு எண்ணை ஏற்றினர். அதனால் மூன்றும் நான்கும் ஒரே கணினியில் அருகருகே வாழ்கின்றன. புதியதற்கு மாறாத நிரல் புதியது வந்ததால் வீழ்வதில்லை.

தமிழெழுத்தின் நிலை

இதுகாறும் கூறியவற்றைத் தமிழெழுத்தின் கணினி வரலாற்றோடு வைத்து நோக்குவோம். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழ் இடம்பெற்றது. இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே சட்டகம் கொண்ட இஸ்கி முறையைத் தழுவியமையால், ஆய்தம் வடமொழி விசர்க்கத்துக்குரிய கட்டத்தில் அமர்ந்து, 'தமிழ் விசர்க்கக் குறி' எனப் பெயரும் பெற்றது. ழகரத்தின் பெயரோ ஆங்கில 'எல்' எழுத்தை மூன்று முறை எழுதி ஆக்கப்பட்டது. ஆய்தத்தின் இயல்பை ஆராய்ந்து எழுதிய தமிழறிஞர் எத்துணையரோ. அவருள் ஒருவரைக் கேட்டிருந்தாலும் இப்பிழை நேர்ந்திராது. ஆயினும் ஒருங்குறியில் ஒருமுறை இட்ட எழுத்துப் பெயர் மாற்றப்படுவதில்லை என்பது இரண்டாம் பதிப்பு முதல் நிலைத்த விதி. பட்டியலில் அப்பெயரின் அருகே ஆய்தம் எனக் குறிப்பு உண்டு, பெயர் மாறாது. இதனைத் தமிழுக்கு இழைத்த இழுக்காக மட்டும் கருதுவார் உளர். பிழை பெயரிட்ட நாளில் நேர்ந்தது. அதனை இன்று மாற்றாதிருப்பது பிழையன்று என்பதே எம் கருத்து. அப்பெயரைக் கொண்டு எழுத்தைத் தேடும் நிரல்கள் அனைத்தும் ஒரே நாளில் தவறும் என்பதை மெம்காப்பியின் கதை நமக்கு உணர்த்தும்.

இதற்கு நேர்மாறான கேடு நம் எழுத்துருக்களில் நேர்ந்தது. 1990களில் எழுத்துரு ஆக்கியோர் ஒவ்வொருவரும் ஆங்கில எழுத்துக்குரிய கட்டங்களில் தமிழ் வடிவங்களைத் தத்தம் விருப்பப்படி இட்டனர். இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் பரவிய பாமினி எழுத்துருவில் 'அம்மா' எனத் தட்டினால் கோப்பில் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளே. வானவில் முதலிய பிற எழுத்துருக்களில் கட்டங்கள் வேறு. கோப்பில் எண்கள் உள்ளன. எண்களுக்குப் பொருள் தரும் பட்டியல் எது என்பது கோப்பில் இல்லை. நிரலக மொழியிற் கூறின், உள்ளீடு வெவ்வேறாக இருக்க அனைத்தும் ஒரே பெயரில் உலவின. அக்காலத்து இழப்புக்குத் தரப்பாடு இன்மையே காரணம் என்று பொதுவாகக் கூறுவர். தரப்பாடுகள் பல இருந்தன. 1999இல் தமிழ்நாடு அரசே டேப், டேம் என இரண்டை அறிவித்தது. குறைந்தது, எந்தத் தரப்பாட்டில் எழுதப்பட்டது என்பதைக் கோப்பு தன்மேல் எழுதிவைத்துக்கொள்ளும் பழக்கமே என்பது எம் துணிபு.

மதுரைத் திட்டம் இவ்விடத்தில் சிறப்பாகக் கருதத்தக்கது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் அவர்களை ஒருங்கிணைப்பாளராகக் கொண்டு 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் அது தொடங்கியது. சங்கம் வளர்த்த நகரின் பெயர் தாங்கிய அத்திட்டம், தன் மின்பதிப்புகளுக்குத் திஸ்கி என்னும் குறிமுறையைக் கொண்டது. பின்னர் ஒருங்குறிக்கு மாறியது. திஸ்கி இணையத்தில் கூடிய தமிழ் ஆர்வலர்களால் வகுக்கப்பட்டது. 256 கட்டங்களின் கீழ்ப்பாதியை ஆங்கிலத்துக்கு விட்டு மேற்பாதியில் தமிழை அமைத்தது. இணையக் குறிமுறைகளின் பெயர்ப் பதிவேட்டிலும் தன் பெயரைப் பதிந்துகொண்டது. 

2002 அக்டோபரில் வந்த க்னூ சி நிரலகத்தின் 2.3 பதிப்பில் திஸ்கியை ஒருங்குறியாக்கும் மாற்றியொன்று சேர்ந்தது. 'திஸ்கி.எஸ்ஓ' என்னும் தனிக்கோப்பாக, 'ஜிகான்வ்' என்னும் அடைவில் அது நிறுவப்படும். அதன் பணி தோற்றத்தினும் கடிது. திஸ்கி கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் எழுத்தைச் சேமிப்பது; 'கொ' என்பதில் ஒற்றைக் கொம்பு முதலில், ககரம் அடுத்து, கால் இறுதியில். ஒருங்குறியிலோ ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னும் நிற்கும். உயிர்மெய்யில் மெய்யின் பின்னரே உயிர் தோன்றும் என்று தொல்காப்பியர் நூன்மரபில் வகுத்த முறை பின்னதற்கே பொருந்துகின்றது. ஆதலின் மாற்றி கொம்பைக் கண்டவுடன் எதனையும் வெளியிடாது, அடுத்த மெய்யும் அதற்கடுத்த காலும் வரும்வரை கையில் வைத்துக் காத்திருக்க வேண்டும்.

இக்கோப்பின் பெயரில் பதிப்பெண் இல்லாமை நோக்கத்தக்கது. எந்த நிரலும் அதனை நேரே பிணிப்பதில்லை; குறிமுறையின் பெயரைப் பயனர் கூற, சி நிரலகமே தன் பட்டியலில் பார்த்து அதனை அழைக்கும். எனவே அதன் ஒப்பந்தம் தன்னோடு உடன்வந்த சி நிரலகத்தோடு மட்டுமே. ஒரு பதிப்பின் மாற்றியை மற்றொரு பதிப்பின் நிரலகத்தோடு இடுதல் முறையன்று. பயனரோடு செய்துகொண்ட ஒப்பந்தம் 'திஸ்கி' என்னும் பெயர். 2003இல் இப்பெயரைச் சொல்லி ஒரு மின்பதிப்பை மாற்றிய சிறுநிரல் இன்றும் அவ்வாறே மாற்றும். ஆயினும் நிறுவுதலில் ஓர் இடர்ப்பாடு அண்மையில் புகுந்துள்ளது. அருகிப் பயன்படும் மாற்றிகளைச் சில வெளியீட்டார் தனிப்பொதியாகப் பிரித்துவிட்டனர். ரெட்ஹாட் நிறுவன லினக்சு 9ஆம் பதிப்பில் 'ஜிலிப்சி-ஜிகான்வ்-எக்ஸ்ட்ரா' என்னும் பொதியைச் சேர்த்து நிறுவினாலன்றித் திஸ்கியை அக்கணினி அறியாது. பழைய தமிழ்க் கோப்புகளைப் பேணும் நூலகங்கள் இப்பொதியின் பெயரைக் குறித்துவைத்தல் நலம்.

அதே ஜிகான்வ் அடைவில் பாமினிக்கும் வானவில்லுக்கும் மாற்றி இல்லை. அவற்றை மாற்றும் தனி நிரல்கள் உள. ஆனால் இது பாமினி, இது வானவில் என்று மனிதர் ஒருவர் முன்னரே கூறுதல் வேண்டும். சொற்செயலிக் கோப்பாயின் உள்ளே எழுத்துருவின் பெயர் பதிந்திருக்கும். அது கொண்டு அறியலாம். வெற்றுரைக் கோப்பாக எஞ்சிய ஆய்வேடுகளில் அதுவும் இல்லை. அத்தகைய கோப்பொன்று கைக்கு வந்தால், எம், கே, அரைப்புள்ளி எனத் தொடங்கும் வரியைப் பார்த்து, அங்கே 'அம்மா' எழுதப்பட்டிருக்கலாம் என ஊகித்து, எழுத்து எழுத்தாகப் பட்டியலை மீட்டெடுப்பதே இப்பொழுதுள்ள வழி. கறையான் அரித்த ஏட்டில் பாடம் காண்பதற்கு நம் முன்னோர் கைக்கொண்ட வழியும் அதுவே. அவ்வேட்டுக்கு வயது முந்நூறு, இக்கோப்புக்கு முப்பதும் ஆகவில்லை.